மலையின் தவணைக் கணக்கு

நம் இயக்கக் கூட்டங்களில் தண்ணீர்ப் பேச்சு வந்தால் கூடவே இன்னொரு பேச்சும் வந்துவிடும். "வடக்கே பார்த்தீங்களா, இமயமலையில பனி உருகுது, வருசம் பூரா ஆறு ஓடுது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம்ம மலையில பனி எங்க இருக்கு?" படித்தவர்களும் சொல்கிறார்கள், அனுபவசாலிகளும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு இரண்டு முடிவுக்கு வருகிறார்கள். ஒன்று, நம் மலையால் நம் விவசாயத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப் போவதில்லை, ஆழ்துளைக் கிணறுதான் கதி. இரண்டு, தண்ணீருக்கு உதவாத மலை சுற்றுலாவுக்காவது உதவட்டும், பச்சைமலையை ஒரு குட்டி ஊட்டியாக்கிவிடலாம், நம் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும்.

இந்த இரண்டு முடிவும் தப்பு என்பது என் கருத்து. காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் பற்று வரவு பார்த்தவன், இப்போது ரெட்டிபாளையத்தில் நாலு ஏக்கரில் இயற்கை விவசாயம் பார்க்கிறவன். எனக்குத் தெரிந்த மொழி அதுதான்.

பனி செய்யும் வேலை என்ன?

நம் ஊரில் பனி என்றால் மார்கழிப் பனி. விடிகாலையில் நெல் நுனியில் நிற்கும், வெயில் ஏறினால் போய்விடும். உயர்ந்த மலைகளில் விழுகிற பனி வேறு சங்கதி. குளிர்காலம் முழுவதும் விழுந்து, ஒன்றின் மேல் ஒன்றாக இறுகி, ஆள் உயரத்துக்கும் மேலே படுத்துக் கிடக்கும். கோடை வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக உருகி ஆற்றில் இறங்கும். குளிர்காலத்தில் வந்த தண்ணீர், பயிருக்குத் தேவைப்படும் மாதத்தில் கைக்கு வருகிறது. பனி தண்ணீரைப் புதிதாக உண்டாக்குவதில்லை. வந்த தண்ணீரைப் பிடித்து வைத்துத் தவணை தவணையாகக் கொடுக்கிறது. அதன் மதிப்பு முழுக்க அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா என்ற மலைத்தொடர் இருக்கிறது. அந்த மாநிலத்தின் தண்ணீரில் ஏறத்தாழ 30 சதவீதம் அந்த மலையின் பனியிலிருந்துதான். அங்கே குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட லட்சக்கணக்கில் ஜனங்கள் போவார்கள். அதே பனியைத்தான் கோடையில் பாதாம் தோட்டக்காரரும் நம்பியிருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 வாக்கில் அதிகாரிகள் மலையேறி, நீளமான குழாயைப் பனிக்குள் குத்தி எடுத்து, எவ்வளவு ஆழம், அதில் எவ்வளவு தண்ணீர் என்று நிறுத்துப் பார்ப்பார்கள். நம் வங்கிகளில் புதுக் கணக்காண்டு பிறக்கிற அதே தேதி! 2015 ஏப்ரல் 1 அன்று அந்த மாநில ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அளவெடுக்கும் இடத்துக்கே போய் நின்றார். பனி இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த புல்தான் இருந்தது. மாநிலம் முழுவதுக்குமான பனி இருப்பு வழக்கத்தில் வெறும் 5 சதவீதம். அந்தப் புல்லின் மேல் நின்றபடியே நகரங்கள் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அவர்களுடைய பனியை அல்ல, பழக்கத்தை. மலையில் இருப்பு எவ்வளவு என்று அவர்கள் வருடா வருடம் எண்ணிப் பார்க்கிறார்கள். இருப்பு தெரிந்த பிறகு செலவைத் திட்டமிடுகிறார்கள். நாம் பாஸ்புக்கையே பார்க்காமல் பணம் எடுக்கிற ஆட்கள்.

நம் நாட்டிலேயே லடாக்கைப் பாருங்கள். சுற்றிலும் பனிமலைதான். ஆனாலும் ஏப்ரல், மே மாதத்தில் விதைப்புக்குத் தண்ணீர் இருக்காது. மேலே உள்ள பனிப்பாறை தாமதமாகத்தான் உருகும். அங்கே செவாங் நோர்பெல் என்ற பொறியாளர், குளிர்காலத்தில் சும்மா ஓடிப்போகிற ஓடைத் தண்ணீரைக் கிராமத்துக்குப் பக்கத்திலேயே நிழலான சரிவில் தடுத்துத் தேக்கி உறைய வைத்தார். கிராமத்துக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில் இருப்பதால் அந்தப் பனி முதலில் உருகும், விதைப்புக்குக் கைகொடுக்கும். 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பனி நிறைந்த ஊரிலேயே ஒரு மனுசன் தவணையைச் சரி செய்ய இத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது என்றால், விசயம் பனி இருக்கா இல்லையா என்பதல்ல என்று புரிகிறதல்லவா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடக்கத்தி ஆறுகள் எல்லாமே பனியால் ஓடுகின்றன என்பதும் முழு உண்மை இல்லை. சிந்து நதிக்குப் பனியின் பங்கு மிக அதிகம். கங்கைக்கு அப்படி இல்லை. சமவெளிக்கு வந்த பிறகு கங்கையில் ஓடுவதில் பெரும்பங்கு மழைத் தண்ணீரும், மண்ணுக்குள் இறங்கி ஊற்றாகக் கசிந்து வந்த தண்ணீரும்தான். ஆக, கங்கையையே மண்ணும் காடும் சேர்ந்து தாங்குகின்றன.

நம்முடைய பனிமலை

தமிழ்நாட்டிலும் உயர்ந்த மலை இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். முக்கூர்த்தி சிகரம் 2,554 மீட்டர். ஊட்டியில் தை மாதம் உறைபனி விழும், புல் கருகும், அவ்வளவுதான். பனிமூட்டை ஏதும் அங்கே தங்காது. இருந்தும் முக்கூர்த்திச் சிகரத்துப் பக்கம் பிறக்கிற பைக்காரா ஆறு, கீழே இறங்கி மோயாறு ஆகிறது. மோயாறு பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. பவானி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. காவிரி முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகி, நம் அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடுகிறது. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் நம் மாவட்டத்து ஏரிகளுக்கும் வருகிறது. கொள்ளிடக் கரையில் நிற்கிற நெல்லுக்கும் முக்கூர்த்தியின் புல்லுக்கும் சொந்தம் உண்டு.

பனி இல்லாத அந்த மலையில் தண்ணீரைப் பிடித்து வைத்தது யார்? சரிவுகளில் பரந்து கிடந்த புல்வெளியும், பள்ளங்களில் பொதிந்து கிடந்த சோலைக்காடும்தான். மழை விழுந்தால் புல்லின் வேர் வாங்கிக்கொள்ளும். அதன் அடியில் கறுத்த மக்கு மண் ஊறும். பள்ளத்துச் சோலை அதைக் குளிர்ச்சியாக வைத்திருந்து, மழை நின்று பல மாதம் ஆன பிறகும் ஓடையில் சொட்டுச் சொட்டாக விடும். புல்லையும் சோலையையும் சேர்த்துத்தான் தெற்கத்தி மலையின் பனி என்று நான் சொல்வேன்.

அந்தப் புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதியவர்கள் உண்டு. தோடர்கள் எருமை மேய்த்த இடத்தில், வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து சுதந்திரத்துக்குப் பிறகும், தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் என்கிற சீகை மரத்தையும், விறகுக்கும் எண்ணெய்க்கும் தைல மரத்தையும் நட்டார்கள். மேலே பச்சையாகத்தான் தெரியும். புல்வெளி போய்விட்டது. இன்றைக்கு அரசே நீதிமன்றத்தின் கண்காணிப்பில் அந்த அந்நிய மரங்களை அகற்றப் பாடுபடுகிறது. வைத்தது லேசு, எடுப்பது கஷ்டம். வெட்டிய இடத்தில் விதை முளைத்து மறுபடி வருகிறது. பச்சையாக இருப்பதெல்லாம் காடு இல்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

நம் வாசலில் இருக்கும் மலை

முக்கூர்த்தி தூரம். பச்சைமலை பக்கம். திருச்சி, பெரம்பலூர், சேலம் மூன்று மாவட்டத்துக்கும் பொதுவாகக் கிடக்கிற மலை. உயரம் சுமாராக 500-லிருந்து 1,000 மீட்டர். வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை என்று ஊராட்சிகளாக மலையாளி இன மக்கள் வாழ்கிறார்கள். அந்த மலையிலிருந்து இறங்குகிற மருதையாறு, பெரம்பலூர் மாவட்டத்தைக் கடந்து, அரியலூர் மாவட்டத்துக்குள் வந்து கொள்ளிடத்தில் சேர்கிறது. அதன் குறுக்கே கொட்டரையில் நீர்த்தேக்கம் கட்டியிருக்கிறார்கள். பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவே கல்லாற்றில் விசுவக்குடி அணை இருக்கிறது. லாடபுரம் பக்கம் மயிலூற்று, அந்தப் பக்கம் கோரையாறு என்று மழைக்காலத்தில் அருவிகள் விழுகின்றன.

நமக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மிச்சக் காலம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். மலைச்சரிவு மொட்டையாக இருந்தால் இந்த 4 லட்சத்தில் பெரும்பகுதி அன்றைக்கே ஓடிவிடும், மண்ணையும் அள்ளிக்கொண்டு. சரிவில் புல்லும் புதரும் சருகும் இருந்தால் பெரும்பகுதி இறங்கும், அப்புறம் மெல்லக் கசியும். மழையளவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒன்றில் ஒரே நாளில் வெள்ளம், அடுத்த மாதமே வறட்சி. மற்றதில் மாசி வரைக்கும் ஓடை.

இது நமக்குப் புதிய விசயமா? நம் வயலில் மூடாக்கு எதற்குப் போடுகிறோம்? மழைத்துளி நேரடியாக மண்ணை அடிக்கக் கூடாது, ஈரம் நிற்க வேண்டும், மண்புழு மேலே வர வேண்டும் என்றுதானே. மலைக்கு மூடாக்கு புல்லும் காடும். நாலு ஏக்கரில் மூடாக்கு போட்டுவிட்டு, அந்த நாலு ஏக்கருக்குத் தண்ணீர் அனுப்புகிற மலை மொட்டையாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மலைக்குப் போய்வரும்போது ஒரு மலையாளி விவசாயியிடம் பேசிக்கொண்டிருந்தேன். சரிவில் குச்சிக்கிழங்கு போட்டிருந்தார். வரப்பில்லை, களைக்கொல்லி அடித்துத் தரை வெளுத்திருந்தது. "ஏங்க, இப்படி அடிச்சா மழைக்கு மண்ணு நிக்குமா?" என்று கேட்டேன்.

"நிக்காதுன்னு எங்களுக்குத் தெரியாதா சார்? எங்க தாத்தா காலத்துல சாமையும் தினையும் போட்டாங்க. இப்ப சாமைய யாரு வாங்குறா? கிழங்குக்குத்தான் லாரி வருது. ஆள் வச்சுக் களையெடுத்தா கூலிக்கே பத்தாது. கீழ இருக்கிறவங்க வந்து மண்ணு போவுது, தண்ணி போவுதுன்னு சொல்றீங்க. சரி. மண்ண நிறுத்துறதுக்கு நீங்க என்ன தர்றீங்க?"

என்னிடம் பதில் இல்லை. திட்டுகிற மாதிரி அவர் கேட்கவில்லை, கடன் கேட்க வந்தவரைப் பார்த்து மேலாளர் கேட்கிற மாதிரி நிதானமாகத்தான் கேட்டார். இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற முயற்சிதான்.

சுற்றுலா பதிலாகுமா?

பலர் சொல்கிற பதில் சுற்றுலா. நான் சுற்றுலாவுக்கு விரோதி இல்லை. மலையைப் பார்க்காதவனுக்கு மலைமேல் அக்கறை வராது. நம் பிள்ளைகள் கைபேசியை வைத்துவிட்டு ஒரு நாள் காட்டில் நடப்பது நல்லதுதான். ஆனால் மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறப்போம்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகள் தாங்காமல் போய், சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025-ல் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வைத்தார்கள்: கோடைக்காலத்தில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அதாவது மலைக்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு என்பதை நீதிமன்றம் சொல்லித்தான் நாம் ஒப்புக்கொண்டோம். விடுதி வந்தால் அவனுக்கும் தண்ணீர் வேண்டும். ஊற்றுக்குப் பக்கத்திலேயே ஆழ்துளை போடுவான். அருவியைப் பார்க்க வந்த கூட்டமே அருவியைக் குடித்துவிடும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிர் போயிற்று. மாசி, பங்குனியில் நம் மலைப்புல் எப்படிக் காய்ந்திருக்கும் என்று ஆடு மேய்க்கிற சிறுவனுக்குத் தெரியும். அப்போது மலையேறக் கூடாது என்ற ஒரே ஒரு விதி அந்த உயிர்களைக் காத்திருக்கும். அதற்குப் பிறகு ஒழுங்குமுறை வந்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, முன்பதிவு, கட்டணம், மலைவாழ் இளைஞர்களே வழிகாட்டிகள் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்த வழி எனக்குச் சம்மதம். கூட்டம் அளவோடு இருக்கிறது, வருமானத்தில் மலைக்காரருக்கும் பங்கு இருக்கிறது.

உலகத்தின் உச்சிக்கே போனாலும் இதே கதைதான். எவரெஸ்டில் குப்பை குவிந்ததால் 2014-ல் நேபாள அரசு ஒரு விதி போட்டது. ஏறுகிற ஒவ்வொரு அணியும் 4,000 டாலர் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவந்தால் பணம் திரும்பக் கிடைத்தது. வங்கிக்காரனுக்குப் பிடித்த மாதிரியான திட்டம். ஆனால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. கீழ் முகாமில் கிடைத்த குப்பையை எடைக்குக் காட்டிப் பணம் வாங்கிப் போனார்கள், மேல் முகாமின் குப்பை மேலேயே கிடந்தது. சரிபார்க்க ஆள் இல்லாத ஈடு ஈடே இல்லை. இதை எந்தக் கிளை மேலாளரும் சொல்வார்.

எனவே பச்சைமலைக்குச் சுற்றுலா வருவதானால் நாம், அதாவது கீழே தண்ணீர் வாங்குகிறவர்கள், நான்கு நிபந்தனை கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பு. ஓடை, ஊற்றுக்குப் பக்கத்தில் விடுதியும் ஆழ்துளையும் கூடாது. மாசி முதல் முதல் மழை வரை காட்டுப் பாதை மூடல். வசூலாகிற கட்டணத்தில் பாதியாவது மலை ஊராட்சிகளுக்கு, சரிவைப் பச்சையாக்கும் வேலைக்கு மட்டும். வரவு செலவு ஊராட்சிச் சுவரில் எழுதிப் போட வேண்டும். இந்த நாலும் இல்லாத சுற்றுலா, முதலை எடுத்துச் சாப்பிடுகிற பிழைப்பு. நாலு வருசம் நன்றாக இருக்கும். அப்புறம் அருவியும் இருக்காது, பயணியும் வரமாட்டான்.

நாம் தர வேண்டியது

சுற்றுலாக்காரன் தருவது இருக்கட்டும். அந்த மலையாளி விவசாயி கேட்டது நம்மிடம்.

இமாச்சலத்தில் தவுலதார் பனிமலைக்குக் கீழே பாலம்பூர் என்ற ஊர் இருக்கிறது. எதிரே பனிச்சிகரம் தெரியும். ஆனால் அந்த ஊரின் குடிநீருக்கு முக்கியமான ஆதாரம் போகல் என்ற காட்டு ஊற்று. 2010-ல் நகராட்சி, ஊற்றுக்கு மேலே உள்ள காட்டைக் காக்கும் கிராமத்துக் குழுவோடு ஒப்பந்தம் போட்டது. நீங்கள் காட்டைக் காப்பாற்றுங்கள், நாங்கள் ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறோம் என்று. தொகை சின்னதுதான், யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி. ஆனால் தண்ணீர் குடிக்கிறவன் தண்ணீர் காக்கிறவனுக்குக் கடன்பட்டவன் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் பாருங்கள், அதுதான் பெரிது.

நம்மால் காசு கொடுக்க முடியாது என்பீர்கள். சரி, கொள்முதல் கொடுக்க முடியும் அல்லவா? நம் இயக்கத்துக்கு அங்காடிகள் இருக்கின்றன, நுகர்வோர் குழுக்கள் இருக்கின்றன. பச்சைமலைச் சாமை, தினை, பலா, புளி, களைக்கொல்லி படாத குச்சிக்கிழங்கு, இவற்றைக் கட்டுப்படியாகிற விலைக்கு, விதைப்புக்கு முன்பே விலை பேசி வாங்குவோம். பதிலுக்கு இரண்டே நிபந்தனை: சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு அல்லது வெட்டிவேர் வரிசை, ஓடையின் இருகரையிலும் உழாமல் விடும் புல்பட்டை. சாமை விதைத்த நிலம் கிழங்கு தோண்டுகிற மாதிரி மண்ணைக் கிளறாது. மலைக்காரருக்கு வருமானம், நமக்குத் தண்ணீர், நுகர்வோருக்கு நஞ்சில்லாச் சிறுதானியம். இதைவிட நல்ல கடன் திட்டத்தை நான் வேலையில் இருந்த காலத்தில் பார்த்ததில்லை.

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது" என்பார்கள். அரசாங்கம் அணை கட்டும், கட்டியிருக்கிறது. ஆனால் மலை மண் இறங்கி வந்தால் அணைக்குள் தண்ணீருக்குப் பதில் வண்டல்தான் நிற்கும். தூர்வாரும் செலவு வருடா வருடம் கட்டுகிற வட்டி மாதிரி. மேலே மண்ணை நிறுத்துவதுதான் அசலை அடைப்பது. "எங்க கிணத்துக்கும் மருதையாத்துக்கும் சம்பந்தமே இல்லையே" என்று என் ஊர்க்காரர்களே சொல்வார்கள். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த பூமி. சுண்ணாம்புக் கல்லுக்காகத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றி வாழ்கிறோம். இங்கே நிலத்தடி நீரை மட்டும் நம்பி இன்னும் எத்தனை வருசம் ஓட்ட முடியும்? ஆற்றுத் தண்ணீரையும் ஏரித் தண்ணீரையும் நம்பித்தான் ஆக வேண்டும். ஆறு மலையை நம்பியிருக்கிறது.

முதலில் எண்ணுவோம்

எந்தக் கணக்கும் இருப்பு பார்ப்பதில்தான் தொடங்கும். கலிபோர்னியாக்காரன் பனியை நிறுக்கிறான். நாம் ஓடையை எண்ணுவோம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

ஓடையில் நேராக, மட்டமாக ஓடுகிற 10 மீட்டர் தூரத்தைத் தேர்ந்து இரு முனையிலும் குச்சி நடுங்கள். அகலத்தை அளந்துகொள்ளுங்கள். நாலைந்து இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை மேல் முனையில் போட்டு, கீழ் முனைக்கு வர எத்தனை விநாடி என்று மூன்று தடவை பாருங்கள். உதாரணத்துக்கு, அகலம் 1.2 மீட்டர், ஆழம் 0.15 மீட்டர், நேரம் 25 விநாடி என்றால், வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். மேல்பரப்பு வேகமாகவும் அடிப்பரப்பு மெதுவாகவும் ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள்: 0.34. இதை அகலம், ஆழத்தோடு பெருக்கினால் விநாடிக்கு 61 லிட்டர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 53 லட்சம் லிட்டர். 50 ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்துகிற அளவு! ஓடை மெலிந்த பிறகு இந்த முறை சரிவராது. ஒரு குழாய் வைத்து அதன் வழியாகத் தண்ணீரைத் திருப்பி, ஒரு குடம் நிறைய எத்தனை விநாடி என்று பார்த்தால் போதும்.

மழை நின்ற நாளிலிருந்து ஓடை வற்றுகிற நாள் வரை மாதம் இரண்டு தடவை ஒரே இடத்தில் இதை எழுதி வைக்க வேண்டும். அதில் எனக்கு முக்கியமான எண் ஒன்றே ஒன்று: கடைசி நல்ல மழைக்குப் பிறகு ஓடை எத்தனை நாள் ஓடியது? அந்த எண் கூடினால் மலை தேறுகிறது. குறைந்தால், மேலே எத்தனை பச்சை தெரிந்தாலும், மலை இளைக்கிறது. ஒரு வருசத்து மழை கூடலாம், குறையலாம். அதனால் ஐந்து வருசக் கணக்காவது வேண்டும். அப்போதுதான் கல்வரப்பு போட்ட சரிவின் ஓடைக்கும் போடாத சரிவின் ஓடைக்கும் என்ன வித்தியாசம் என்று ஆட்சியரிடமும் வனத்துறையிடமும் எண்ணோடு பேச முடியும். மனுவைத் தள்ளிவைப்பார்கள், எண்ணைத் தள்ளிவைப்பது அவ்வளவு சுலபமில்லை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்து நண்பர்களுக்கு என் கோரிக்கை இதுதான். இந்த வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மருதையாறு, கல்லாறு, கோரையாறு மூன்றின் தலை ஓடைகளிலும் ஓர் அளவிடம் வைப்போம். அளக்கும் பொறுப்பை மலை ஊர்களின் இளைஞர்களிடம் கொடுத்து, அவர்கள் நாள்கூலியை நம் குழுக்கள் பகிர்ந்துகொள்வோம். காட்டுப் பகுதி என்பதால் வனத்துறையிடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். கணக்கேடு எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், அது எனக்குப் பழகின வேலை. சாமை கொள்முதல் பேச்சை அங்காடி நடத்துகிறவர்கள் ஆடிக்கு முன்பே தொடங்கினால்தான் அடுத்த விதைப்புக்கு ஆகும். முன்வருகிறவர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் பெயர் கொடுங்கள்.